நாற்பதாம் நம்பர் சல்லடை

கீழப்படுகை மருதையனுக்கு அந்தக் குறுவையில் வேண்டியிருந்தது ஒரே ஒரு சீட்டு. உள்ளங்கை அகலத்தில் ரோஸ் நிறமாக இருக்கும். இன்னார், இன்ன சர்வே எண்ணில் விளைந்த இத்தனை மூட்டை நெல்லை வாரியத்துக்கு அளந்தார் என்று அதில் எழுதி ஒரு சீல் குத்தியிருக்கும். நெல் அளக்கிற எல்லாருக்கும் கொடுக்கிற சீட்டுதான். மற்றவர்கள் அதைச் சட்டைப் பையில் கசக்கி வைத்து, துவைக்கும்போது தொலைப்பார்கள். மருதையனுக்கு அந்தச் சீட்டு இல்லையென்றால் நிலம் இல்லை.

அவருடைய நாலரை மா, அதாவது ஒன்றரை ஏக்கர், உச்சவரம்புச் சட்டத்தில் பஞ்சநதத்தின் குடும்பத்திடமிருந்து எடுத்து அரசாங்கம் கொடுத்தது. அதற்கு முன்னால் மருதையனின் அப்பா அதே நிலத்தில் பஞ்சநதத்தின் அப்பாவுக்குப் பண்ணையாளாக ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார். நிலம் போனதைப் பஞ்சநதம் மறந்ததே இல்லை. ஆட்சி மாறும்போதெல்லாம் ஒரு மனு போடுவார். தமிழ்நாட்டில் ஆட்சி மாறுவதற்குப் பஞ்சமில்லாததால் மனுவுக்கும் பஞ்சமில்லை. இந்தத் தடவை போட்ட மனுவில் கொஞ்சம் மூளை இருந்தது. மேற்படி மருதையன் விவசாயமே செய்வதில்லை, நிலத்தைத் தரிசாகப் போட்டிருக்கிறார், ஆகவே ஒப்படையை ரத்து செய்ய வேண்டும் என்று எழுதியிருந்தார்.

எந்த நிலத்தில் என்ன பயிர் என்று எழுதிவைக்கிற அடங்கலைப் பார்த்தால் தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்பீர்கள். பார்த்தார்கள். அடங்கல் எழுதுகிறவர் பஞ்சநதத்தின் வீட்டு மாடியில் வாடகை இல்லாமல் குடியிருந்தார். அந்த வருஷப் பக்கத்தில் ‘தரிசு’ என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. விசாரணை வந்த சமயத்தில் அறுவடையும் முடிந்துவிட்டது. தாலுகா ஆபீசில் இருந்த தாசில்தார் அம்மா நியாயமான மனுஷிதான். அறுத்த தாளைப் பார்த்து யார் அறுத்தது என்று சொல்ல முடியாது, அரசாங்கத்துக்கு நெல் அளந்த சீட்டைக் கொண்டுவாருங்கள் என்று ஐப்பசி இருபத்துநாலுக்கு வாய்தா போட்டார். சீட்டு இல்லாவிட்டால் மனுதாரர் பக்கம் தீர்ப்பு எழுத வேண்டியிருக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

நெல் வாங்குவது தானியத் தூய்மை வாரியம். நெல் வாங்குவதுதான் அதன் வேலை என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. வாரியம் அப்படி நினைக்கவில்லை. நெல்லில் உள்ள குப்பையிடமிருந்து அரசாங்கத்தைக் காப்பாற்றுவதே அதன் பிறவிக் கடமை. நெல் என்பது குப்பையோடு சேர்ந்து வந்துவிடுகிற ஒரு தொந்தரவு.

புரட்டாசி இருபத்தைந்தாம் தேதி மருதையனும் அவர் மனைவி அம்சமும் முப்பத்தெட்டு மூட்டையையும் வண்டியில் ஏற்றிக்கொண்டுபோய் வாரியத்தின் களத்தில் கொட்டினார்கள். களம் வெறும் மண்தரை. சிமெண்டுத் தளம் ஏழு வருஷமாகக் கோப்பில் போட்டிருந்தார்கள். கொள்முதல் எழுத்தர் இராஜாங்கம் குவியலைச் சுற்றிவந்து ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்து, நல்ல நெல் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் சலிக்காமல் எடை போடக் கூடாது, பழைய சல்லடைக்குத் தடை வந்திருக்கிறது, புதுச் சல்லடை வருகிறது, அதற்குத் திறப்பு விழா நடக்காமல் ஒரு நெல்மணியைக்கூடச் சலிக்க முடியாது என்றார். மருதையன் அண்ணாந்து பார்த்தார். கடல் பக்கம் வானம் கறுத்திருந்தது.

ஐந்து நாள் கழித்து விழா நடந்தது. வாசலில் வாழைமரமும் வளைவும் வைத்திருந்தார்கள். மேடையில் ஒரு மேஜை, மேஜைமேல் பட்டுத்துணி, பட்டுத்துணிமேல் சல்லடை. கட்டில் அகலம் இருந்தது. எவர்சில்வர் கம்பியால் நெய்த வலை, தேக்குச் சட்டம். அதற்குச் சந்தனம், குங்குமம், ரோஜாமாலை எல்லாம் ஆகியிருந்தது. மண்டல மேலாளர் அமிர்தலிங்கம் மைக்கைப் பிடித்தார். ‘தூய்மைச் செம்மல்’ என்று அவருக்கு வாரியமே பட்டம் கொடுத்திருந்தது. கொடுத்த குழுவுக்கு அவர்தான் தலைவர்.

“நூலைப் பாவும் ஊடும் போட்டு நெய்தால் வேட்டி. கம்பியைப் பாவும் ஊடும் போட்டு நெய்தால் நாகரிகம்” என்று தொடங்கினார். “சர்க்கரை ஆலையில் சாற்றை வடிப்பது கம்பிவலை. காகித ஆலையில் கூழைத் தாளாக்குவது கம்பிவலை. குவாரியில் ஜல்லியைப் பிரிப்பதும், மாத்திரைக் கம்பெனியில் மாவு சலிப்பதும், விமானத்து எண்ணெயை வடிகட்டுவதும் கம்பிவலைதான். ஆனால் நம் விவசாயிக்கு என்ன கொடுத்தார்கள்? கடந்த ஆட்சியில் சல்லடை வாங்கினார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை கண்? நாலு. வெறும் நாலு. கொள்முதல் குழுவில் நான் கேட்டேன். மாத்திரைக்கு நாற்பது கண் கொடுக்கிறீர்கள், விவசாயி என்ன பாவம் செய்தான் என்று கேட்டேன். குழு கண்கலங்கியது. இன்று உங்கள் முன்னால் நாற்பதாம் நம்பர் வலை. அதே ஓர் அங்குலம். நாற்பது கண்கள். பத்து மடங்கு.”

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. மருதையனுக்குப் பக்கத்தில் துரைராசு நின்றிருந்தான். அந்தக் களத்தில் இருபது வருஷமாகச் சல்லடை ஆட்டுகிற கூலியாள். அவன் மட்டும் கைதட்டவில்லை.

“ஒரே அங்குலத்துல நாப்பது கண்ணு வச்சா, ஒவ்வொரு கண்ணும் என்ன அளவுண்ணே இருக்கும்?” என்று மருதையனின் காதில் கேட்டான்.

மருதையனுக்கும் அது உறைத்தது. இருந்தாலும் பலமாகக் கைதட்டினார். சீட்டு எழுதுகிறவர்கள் மேடையில் இருந்தார்கள்.

புகைப்படத்துக்காக முதல் நெல்லாக மருதையனின் நெல்லையே எடுத்தார்கள். துரைராசுவும் இன்னொருவனும் சல்லடையை ஆட்ட, அம்சம் கூடையால் அள்ளிக் கொட்டினாள். நெல் வலைமேல் நின்றது. ஆட்டினார்கள், நின்றது. இன்னும் வேகமாக ஆட்டினார்கள், அப்படியே நின்றது. கீழே விரித்த துணியில் கொஞ்சம் தூசி விழுந்தது, அவ்வளவுதான். முப்பத்தெட்டு மூட்டையையும் கூடை கூடையாகச் சலித்து முடிக்கப் பொழுது சாய்ந்துவிட்டது.

மருதையன் அதிகாரிகளின் முகத்தைப் பார்த்தார். யாராவது சிரிப்பார்கள் என்று எதிர்பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. இராஜாங்கம் விதிப்புத்தகத்தை எடுத்து வாசித்தார்: வலைக்குக் கீழே விழுவது நெல், வலைமேல் நிற்பது கழிவு. பழைய நாலாம் நம்பர் சல்லடைக்கு எழுதின விதி. அப்போது வைக்கோலும் கல்லும் மேலே நிற்கும், நெல் கீழே விழும். சல்லடையை மாற்றியவர்கள் விதியை மாற்றவில்லை, ஏனென்றால் விதிக்கு வேறு குழு. அமிர்தலிங்கம் குனிந்து துணியில் விழுந்திருந்த தூசியை இரண்டு விரலால் எடுத்துத் தேய்த்துப் பார்த்தார்.

“என் சர்வீசிலேயே இவ்வளவு சுத்தமான நெல்லைப் பார்த்ததில்லை” என்றார். அதைச் சொல்லிவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார்.

எடை போட்டார்கள். தூசி தொள்ளாயிரம் கிராம் இருந்தது. இராஜாங்கம் ரோஸ் சீட்டில் எழுதி நீட்டினார். சர்வே எண் 114/2, நெல் தொள்ளாயிரம் கிராம், கழிவு முப்பத்தெட்டு மூட்டை. கழிவைச் சொந்தக்காரர் தன் செலவில் அப்புறப்படுத்த வேண்டும். மருதையன் கையெழுத்துப் போடவில்லை. பேனாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

“ஒன்றரை ஏக்கர்ல தொள்ளாயிரம் கிராம் வெளஞ்சுதுன்னு இத எடுத்துக்கிட்டுப் போனா, தரிசுன்னு அவரு சொன்னது நெசம்னு ஆயிரும் சார். என் நெலம் போயிரும்” என்றார்.

இராஜாங்கம் கெட்டவர் இல்லை. விதியைப் படித்துப் படித்துக் கண் மங்கிப் போனவர், அவ்வளவுதான். சலித்ததை எழுதாமல் வேறெதையும் எழுத முடியாது என்றார். பழைய சல்லடையில் இன்னொரு தடவை சலிக்கலாம், அதற்கு மண்டல மேலாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும் என்றார். பழைய சல்லடை எங்கே என்று மருதையன் கேட்டதற்கு, கொஞ்சம் தயங்கி, தன் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவாக இருக்கிறது, அனுமதி வந்தால் அரை மணி நேரத்தில் கழற்றித் தந்துவிடுவேன் என்றார்.

மேலாளர் நான்கு நாள் விடுப்பில் திருக்கடையூருக்குப் போயிருந்தார். அம்சத்தைக் குவியலுக்குக் காவல் வைத்துவிட்டு மருதையன் மறுநாள் காலை பஸ் ஏறினார். மயிலாடுதுறையில் மாறி, திருக்கடையூரில் இறங்கி, கோயிலுக்குள் நுழைந்தால், எங்கே பார்த்தாலும் அறுபதாம் கல்யாணம். வரிசை வரிசையாக உட்கார்ந்த கிழத் தம்பதிகளின் தலையில் கலசத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். நாலாவது வரிசையில், ஈர வேட்டியோடு, மாலையோடு, பக்கத்தில் புதுத்தாலி கட்டின மனைவியோடு அமிர்தலிங்கம் உட்கார்ந்திருந்தார்.

இங்கே ஒரு விஷயம் சொல்லவேண்டும். அந்தக் காலத்தில் அரசாங்க வேலையில் ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. வாரியத்தின் பதிவேட்டில் அமிர்தலிங்கத்துக்கு அப்போது ஐம்பத்தைந்து நடந்துகொண்டிருந்தது.

மருதையனுக்கு இதெல்லாம் தெரியாது. நல்ல காரியத்தில் வந்து நிற்கிறோமே என்று கூச்சப்பட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார்.

“சாருக்கு அறுவது பூர்த்தியாயிருச்சுங்களா? நல்லாருங்க சார், நூறு வயசு இருங்க” என்று மனசார வாழ்த்தினார்.

மேலாளரின் முகத்தில் ரத்தம் சுண்டிவிட்டது. இது தன் அண்ணனுக்கு நடக்கிற விசேஷம், அண்ணனுக்கு இடுப்புவலி, தான் சும்மா அவர் இடத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொன்னார். பக்கத்திலிருந்த மனைவி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். மருதையன் மனுவை நீட்டினார். மேலாளர் அதை வாங்கி, வயது என்ற சொல் எங்காவது இருக்கிறதா என்று இரண்டு தடவை படித்தார். இல்லை. அதனால் பயம் இன்னும் கூடியது.

“யார் உன்னை இங்க அனுப்புனது? உண்மையச் சொல்லு” என்றார்.

இராஜாங்கம் சார் சொன்னார் என்று மருதையன் உண்மையைச் சொன்னார். மேலாளர் அனுமதியெல்லாம் கிடையாது என்று மனுவை ஈர வேட்டிமேல் வைத்துக்கொண்டார். அது அங்கேயே கரைந்தது.

மயிலாடுதுறை பஸ் நிலையத்தில் நிற்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஊர் வந்து சேரும்வரை விடவில்லை. களத்துக்கு ஓடினார். வாரியத்திடம் ஒரே ஒரு தார்ப்பாய் இருந்தது. அதை நான்கு மடிப்பாக மடித்துச் சல்லடைமேல் போட்டிருந்தார்கள். அம்சம் உரச்சாக்குகளையும் தன் பழைய புடவைகளையும் குவியல்மேல் போட்டு, காற்று தூக்காமல் ஓரத்தில் தானே உட்கார்ந்திருந்தாள். தலையிலிருந்து தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. மருதையன் இராஜாங்கத்தின் அறைக்குப் போய்த் தார்ப்பாயைக் கேட்டார். சல்லடை இருப்புப் பதிவேட்டில் ஏறின அரசாங்கச் சொத்து, கழிவுக்குத் தார்ப்பாய் போட்டால் தணிக்கையில் என்னைத் தூக்கிலா போடுவார்கள், ஆனால் கேட்பார்கள் என்றார் இராஜாங்கம். எவர்சில்வர் துருப்பிடிக்காதே சார் என்றார் மருதையன். அது தனக்கும் தெரியும் என்றார் அவர்.

நாலு நாள் மழை. ஐந்தாம் நாள் அம்சம் குவியலுக்குள் முழங்கைவரை கையை விட்டுவிட்டு வெளியே எடுத்தாள்.

“சுடுதுங்க” என்றாள்.

ஈர நெல் குவியலுக்குள் வெந்துகொண்டிருந்தது. அப்படியே விட்டால் மாட்டுக்குக்கூட ஆகாது. வேறு வழியில்லை. இரண்டு பேரும் பலகையால் நெல்லைக் களம் முழுக்க மெல்லிசாகப் பரப்பினார்கள். வெயில் வந்தால் காய்ந்துவிடும் என்று ஒரு நப்பாசை. வெயில் வரவில்லை, திரும்பவும் தூறல்தான் வந்தது. அடியில் கிடந்த பாதி அழுகி நாறியது. மீதி மூன்றாம் நாள் வெள்ளையாக முளை விட்டது. மண்தரை ஆயிற்றே, வேர் பிடித்துக்கொண்டது. ஐப்பசி பிறந்து பதினைந்து நாளில் தானியத் தூய்மை வாரியத்தின் களம் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை பச்சைப்பசேல் என்று நின்றது. ஒரு வருஷத்துச் சோறு அப்படிப் பச்சையாக நிற்பதைப் பார்த்து மருதையன் வாய்விட்டு அழுதார். வாய்தாவுக்கு ஒன்பது நாள் இருந்தது. கையில் சீட்டு இல்லை.

அமிர்தலிங்கம் அன்றுதான் வந்தார். காரிலிருந்து இறங்கிப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. பதினைந்து நாளாகத் தூக்கமில்லாமல் இருந்த மனுஷர். இந்த மருதையன் எங்கே போய் வயதைப் பற்றி மொட்டை மனு போடப்போகிறானோ என்ற கவலை. முந்திக்கொண்டு அவன்மேல் ஒரு குற்றத்தைச் சுமத்திவிட்டால் பிறகு அவன் என்ன சொன்னாலும் பழிவாங்குவதற்காகச் சொல்கிறான் என்று ஆகிவிடும். அரசு நிலத்தை ஆக்கிரமித்து அனுமதியின்றிச் சாகுபடி. எழுதுங்கள் நோட்டீசு என்று இராஜாங்கத்தை உட்காரவைத்தார்.

இராஜாங்கம் பேனாவைத் திறந்து, மருதையனின் கழிவு முளைத்துவிட்டது என்று எழுதட்டுமா என்று கேட்டார்.

“கழிவு எப்படிய்யா முளைக்கும்? கேஸ் நிக்குமா? நெல்லுன்னு எழுதுங்க” என்றார் மேலாளர். “சும்மா சிந்துன நெல்லுன்னு சொல்லித் தப்பிச்சிருவான். அவன் நெலத்து சர்வே நம்பரப் போடுங்க. அங்க அவனே பயிர்செஞ்சு வெளயவச்ச நெல்லைத் திட்டமிட்டு இங்க கொண்டாந்து விதைச்சான்னு எழுதுங்க. ஒரு ஓட்டை இருக்கக் கூடாது.”

“முப்பத்தெட்டு மூட்டையும் நெல்லுன்னே போட்டுரவா சார்?” என்று கேட்டார் இராஜாங்கம்.

“முப்பத்தெட்டும்.”

“நல்லா யோசிச்சுத்தானே சார் சொல்றீங்க?”

மேலாளர் கோபப்பட்டார். இராஜாங்கம் தாளை நேராக வைத்துக்கொண்டார். ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி, மேலாளரின் கையெழுத்தை வாங்கி, எதற்கும் இருக்கட்டும் என்று வாரியத்தின் வட்ட முத்திரையை இரண்டு தடவை குத்தினார்.

நோட்டீசு ஐப்பசி பத்தொன்பதாம் தேதி வந்தது. ஏழு நாளுக்குள் சாகுபடியை வேரோடு அகற்ற வேண்டும், தவறினால் வழக்கு. அம்சம் அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றவள். அதை விளக்கடியில் வைத்து எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தாள். மருதையன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இருக்கிற நிலமும் போய், இல்லாத நிலத்துக்காகச் சிறைக்கும் போகவேண்டுமா என்பதுதான் அவர் நினைப்பு. அம்சம் நடுவில் நிறுத்தி, அதே வரியை இன்னொரு தடவை படித்தாள். அப்புறம் தாளை மடித்துத் தன் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள்.

“இத நாளானைக்கி மறுநா தாலுகா ஆபீசுக்கு எடுத்துக்கிட்டுப் போறோம்” என்றாள். நாள் கணக்கில் அவளுக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னே ஆகும், விஷயத்தில் ஆகாது.

வாய்தா அன்று பஞ்சநதம் வக்கீலோடு வந்திருந்தார். எதிர்மனுதாரருக்கு விவசாயமே தெரியாது, அவர் நிலத்தில் புல் தவிர ஒன்றும் முளைத்ததில்லை என்று வக்கீல் பேசினார். தாசில்தார் அம்மா மருதையனைப் பார்த்துச் சீட்டு எங்கே என்று கேட்டார். சீட்டு கொடுக்கவில்லை, இதைத்தான் கொடுத்தார்கள் என்று மருதையன் நோட்டீசை நீட்டினார். அந்த அம்மா முதலில் மனசுக்குள் படித்தார். பிறகு கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு சத்தமாகப் படித்தார்.

“‘சர்வே எண் 114/2ல் மேற்படி மருதையன் தாமே பயிர்செய்து விளைவித்த முப்பத்தெட்டு மூட்டை நெல்லை…’ மண்டல மேலாளர் கையெழுத்து. ரெண்டு சீல்.”

வக்கீல் துள்ளி எழுந்தார். அது ஆக்கிரமிப்பு நோட்டீசு, அதுவே அவர் குற்றவாளி என்பதற்குச் சாட்சி என்றார்.

“அந்தக் குத்தத்துக்கு அவர் அங்க பதில் சொல்லிக்குவார்” என்றார் தாசில்தார். “இங்க கேள்வி, அவர் வெளயவச்சாரா இல்லையாங்கறதுதான். வெளயவச்சார்னு ஒரு அரசாங்க வாரியம் குத்தமாவே சொல்லுது. இதுக்குமேல என்ன சாட்சி வேணும் உங்களுக்கு?”

மனு தள்ளுபடி ஆனது. பஞ்சநதம் அடுத்த தேர்தல் எப்போது என்று யோசித்துக்கொண்டே வெளியே போனார்.

ஏழாம் நாள் காலை, உத்தரவை நிறைவேற்ற மருதையன் களத்துக்கு வந்தார். அம்சத்தோடு எட்டு நடவுப் பெண்கள் வந்திருந்தார்கள். இருபது நாள் பயிர், குறுவைக்கு அடுத்த தாளடிப் போகத்துக்கு நட ஏற்ற நாற்று. பெண்கள் வரிசையாகக் குனிந்து வேரோடு பறித்து, தண்ணீரில் அலசி, முடி முடியாகக் கட்டினார்கள். வண்டியில் ஏற்றப் போகும்போது இராஜாங்கம் விதிப்புத்தகத்தோடு வந்து மறித்தார். இந்த வளாகத்திலிருந்து எந்த விளைபொருளும் சலிக்காமல் வெளியே போகக் கூடாது என்று பதினேழாம் விதி இருக்கிறது என்றார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

அம்சம் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“சலிங்க சார். மேல நிக்கிறது கழிவுதான? அத சொந்தக்காரங்கதான அள்ளிக்கிட்டுப் போவணும்?”

துரைராசு தார்ப்பாயை எடுத்துவிட்டுச் சல்லடையைத் தூக்கிவந்தான். நாற்று முடிகளை அதன்மேல் அடுக்கி, நாலு ஆட்டு ஆட்டினான். முடிகள் அசையாமல் மேலேயே நின்றன. வேரிலிருந்த சேற்றுத் தண்ணீர் நாற்பதாம் நம்பர் வலையில் வடிந்து கீழே வாளியில் சொட்டியது. இராஜாங்கம் அதை எடை போட்டு, நெல் ஆறு கிலோ என்று பதிவேட்டில் ஏற்றி, ரோஸ் சீட்டு ஒன்றை எழுதி மருதையனிடம் நீட்டினார். மருதையன் இந்தத் தடவை கையெழுத்துப் போட்டார். கழிவு முழுவதையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், அன்று மத்தியானமே நாலரை மாவில் நடவைத் தொடங்கினார்கள்.